பாய்லருக்குப் போட்ட மாலை

மண்ணச்சநல்லூரிலிருந்து டோல்கேட் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பதினொரு மணி வெயில். இரண்டு பஸ்கள் எனக்காக நின்றன, நான் ஏறாததால் கண்டக்டர்களிடம் திட்டு வாங்கினேன். எனக்கு வெட்கம் வந்தால் பஸ் ஏறமாட்டேன். கோபம் வந்தாலும் அப்படித்தான். அறுபத்தாறு வயதுக்குள் நான் நடந்திருக்கும் தூரத்தைப் பார்த்தால் இரண்டும் எனக்கு நிறையவே வந்திருக்க வேண்டும்.

கையில் ஒரு துணிப்பை. உள்ளே அரைக் கிலோ புழுங்கலரிசியும் ஒரு அழைப்பிதழும் இருந்தன. எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டையை என் முதுகில் ஏற்றின இடம், இப்போது அரைக் கிலோ அரிசியை நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்புகிறது.

அந்த இடம் ஒரு அரிசி ஆலை. ஆலையாக இருந்தது முடிந்து பல வருஷமாகிறது. இப்போது அது அருங்காட்சியகம். புகைபோக்கி, நெல் ஊறவைக்கும் தொட்டிகள், காயப்போடும் களம், நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவைத்து, சுற்றிச் சுவர் எடுத்து, வாசலில் டிக்கெட் கொடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த வாசலைத் தாண்டி வெளியே போகத்தான் சீட்டு வேண்டும்.

மறுநாள் பாய்லர் கூடத்தைத் திறக்க இருந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே எழுதிவைத்திருப்பதெல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த பாய்லரில் வேலை செய்தவர்களில் இன்னும் எழுந்து நடமாடுகிறவன் நான் ஒருவன்தான் என்று ஸ்ரீரங்கத்தில் என் அறைக்கே வந்து கண்டுபிடித்தார்கள். போனேன், பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னேன். ஒரு தாளில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகுதான் நடக்க ஆரம்பித்தேன்.

எல்லாம் சரியாக இல்லை.

காலையில் எனக்குச் சுற்றிக் காட்டியவர் நிவேதா. திருச்சியில் வரலாறு படித்த பெண். அருங்காட்சியகம் மொத்தமும் அவர் பொறுப்பு. கெட்டிக்காரி, ஆனால் எதையும் துடைத்துப் பளபளவென்று வைத்துவிடுவார். முதலில் லைன் வீட்டைக் காட்டினார். நான் ஆறு பேரோடு காலை மடக்கிப் படுத்த அறை. சுண்ணாம்பு அடித்து, நடுவில் கட்டில் போட்டு, மேலே பூப்போட்ட விரிப்பு விரித்திருந்தார்கள்.

"இந்தக் கட்டில்ல யாரும்மா படுத்தது?"

"தொழிலாளி குடும்பம்ங்க ஐயா."

"எங்களுக்குத் தெரியாம வந்து படுத்திருப்பாங்க போல."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட் துணிமேல் ஒரு பித்தளைச் செம்பு. 'ஆலை நிறுவனர் பயன்படுத்தியது' என்று எழுதியிருந்தது. அதன் வயிற்றில் இருந்த நசுங்கலை எனக்கு நன்றாகத் தெரியும். களத்துக்குப் பின்னால் கக்கூஸ் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கின செம்பு அது. நாங்கள் அறுபது பேர் பயன்படுத்தினோம், நிறுவனர் ஒருநாளும் இல்லை.

"இதை மட்டும் தினமும் நானே பாலிஷ் போடுறேன்" என்றார் நிவேதா.

அதை நான் திருத்தவில்லை. இன்றுவரை திருத்தவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் என்னைத் திட்டட்டும்.

"அந்தக் காலத்து வாசனையை மட்டும் கொண்டுவர முடியலைங்க ஐயா" என்று வருத்தப்பட்டார்.

"வேண்டாம்மா. மூணு நாள் தொட்டியில ஊறின நெல்லு நாறுறது தெரியுமா? டிக்கெட் எடுத்தவன் பாதி வழியிலேயே ஓடிருவான்."

இப்படிப் பேசிக்கொண்டே பாய்லர் கூடத்துக்கு வந்தோம். என் பாய்லர் கருப்பு வண்ணம் பூசிக்கொண்டு கல்யாண வீட்டு யானை மாதிரி நின்றது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாயில் ரோஸ் கலர் தண்ணீரைப் பாதிவரை ஊற்றி மெழுகால் அடைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் பலகை.

'ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்த விபத்து. பாய்லர் இயக்குநர் சவரிமுத்து பணியில் உறங்கிவிட்டதால், நீர் வற்றியது கவனிக்கப்படவில்லை.' சவரிமுத்து என்ற பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக இருந்தது.

"அவரோட பொண்ணு ஜெசிந்தா டீச்சர் நாளைக்கு வராங்க" என்று நிவேதா தாழ்ந்த குரலில் சொன்னார். "பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குப் பொன்னாடை போத்துறோம். அவங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பேரை மட்டும் சின்ன எழுத்துல போட்டிருக்கோம்."

பலகைக்குக் கீழே இன்னொரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஆலையின் பழைய விபத்துப் பதிவேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். சவரிமுத்து கொடுத்த வாக்குமூலம், கடைசியில் அவர் கையெழுத்து. குனிந்து பார்த்தேன். அது என் கையெழுத்து.

இனி பழைய கதைக்குப் போகவேண்டும். நான் உப்பிலியபுரத்துக்காரன். ஆறாம் வகுப்பில் வாத்தியார் ஒரு கணக்குப் போடச் சொன்னார், நான் பையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சமயபுரத்தில் மொட்டையடிக்கிற இடத்தில் தண்ணீர் தூக்கினேன், லாட்ஜில் பாய் உதறினேன், லாரியில் கிளீனராக ஆந்திராவரை போய்வந்தேன். இருபது வயதில் ஒரு நெல் லோடோடு மண்ணச்சநல்லூர் வந்து இறங்கியபோது டிரைவர் என்னை மறந்துவிட்டுப் போய்விட்டார். மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆலையில் மூட்டை தூக்கினேன். ஆறு மாதத்தில் முதுகு போனது. பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கேதான் சவரிமுத்து அண்ணன் இருந்தார்.

அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அரசாங்க சர்டிபிகேட் வாங்கின பாய்லர் ஆள். அதைச் சட்டம்போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார், பக்கத்தில் மாதா படம். இரண்டையும் ஒரே துணியால்தான் துடைப்பார். என்னை எந்தக் காலத்திலும் வீரமலை என்று கூப்பிட்டதில்லை. ஊர்சுத்தி என்றுதான்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். முதலாளி கத்தக் கத்த இவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார். கடைசியில் முதலாளி காதைக் கிட்டே கொண்டுவந்து, "என்னய்யா சொல்றே?" என்று கேட்க வேண்டியிருக்கும். அவர் பாய்லருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். "முதுகுக்குத்தான் சூடு சரியாத் தெரியும், மூஞ்சிக்குத் தெரியாது" என்பார். சோற்றுக்கு நடுவே எழுந்துபோய் ஒரு வால்வைக் கால் சுற்று திருப்பிவிட்டு வந்து மறுபடி உட்காருவார். சனிக்கிழமைகளில் அவர் மகள் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும். இரட்டைப் பின்னலும், யாரைப் பார்த்தாலும் தப்புக் கண்டுபிடிக்கிற கண்ணுமாக. அதுதான் ஜெசிந்தா.

அவர் எனக்குச் சொன்னதில் பாதியை மறந்துவிட்டேன். ஒன்றை மறக்கவில்லை. கண்ணாடிக் குழாயை நம்பாதே.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். பாய்லருக்குள் தண்ணீர் நெருப்புக் குழாய்க்கு மேலே நிற்கவேண்டும். இறங்கினால் இரும்பு சிவந்துவிடும். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது வெளியே நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான். ஆனால் எங்கள் ஆலையில் போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். குழாயின் வாய் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்போது பாய்லரில் தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடியில் இருக்கிற தண்ணீர் இறங்காமல் அப்படியே நிற்கும். பார்க்கிறவன் பாதி இருக்கிறது என்று நினைப்பான். அதனால் அரைமணிக்கு ஒருமுறை கண்ணாடியை ஊதவேண்டும். அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் கொதிதண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போகும். மூடினால் தண்ணீர் துள்ளி மேலே வரவேண்டும். துள்ளினால் சரி. சோம்பலாக ஏறினால் அடைப்பு. ஏறவே இல்லையென்றால் நீ செத்தாய்.

"துள்ளணும்டா ஊர்சுத்தி, ஆத்துல கெண்டை துள்ளுற மாதிரி" என்பார்.

இரண்டு வருஷம் ஓடியது. ஆயுத பூஜை வந்தது. எந்திரங்களை எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். முதலாளி வீட்டு அம்மா தன் கையால் கட்டிய மல்லிகை மாலையைக் கொண்டுவந்தார்கள். மாலையை எங்கே போடுவது? பாய்லருக்குக் கழுத்து கிடையாது. துருத்திக்கொண்டு நின்றது கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். அதில் மாட்டினார்கள். கண்ணாடிமேலேயே சந்தனத்தால் ஒரு பட்டை. அண்ணன் கைகட்டிக்கொண்டு பயபக்தியாக நின்றுவிட்டு, பொரி கடலைக்கு மட்டும் இரண்டு தடவை கை நீட்டினார்.

"மறுநாள் வெளக்கேத்துற வரைக்கும் மாலையை யாரும் எடுக்கக்கூடாது" என்று அம்மா சொன்னார்கள். "வதங்காம இருந்தா இந்த வருஷம் ஆலை நல்லா ஓடும்."

மறுநாள் காலை விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து நெருப்பு மூட்டினோம். எட்டு மணிக்கு முதலாளி வந்தார். லால்குடிப் பக்கம் அவருடைய தம்பி ஆலையில் பம்பு மக்கர், சவரிமுத்து உடனே போகவேண்டும் என்றார்.

"பாய்லரை யாரு பார்க்கறதுங்க?"

"அதான் இவன் இருக்கானே."

"இவன்கிட்ட சர்டிபிகேட் இல்லைங்க."

"சர்டிபிகேட் எங்கேன்னு பாய்லர் உன்கிட்ட வந்து கேட்டுச்சா?" என்று முதலாளி கத்தினார்.

அண்ணன் குரல் இறங்கியது. ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஜீப்பில் ஏறினார். ஏறும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"மாலையைக் கழட்டிட்டு கண்ணாடியை ஊது. அரைமணிக்கு ஒரு தடவை."

"அம்மா திட்டுவாங்கண்ணே."

"எங்க மாதாவுக்கும் மாலை போடுறோம். எடுத்தா கோவிச்சுக்கறதில்லை. சரஸ்வதியும் படிச்ச பொம்பளைதானே, புரிஞ்சுக்குவா. கழட்டுடா."

"சரிண்ணே" என்றேன்.

நான் கழற்றவில்லை. சோம்பல் இல்லை, பயம். திருகைத் திறந்தால் கொதிதண்ணீர் தெறித்து மாலை வெந்துபோகும். வெந்த மாலையைப் பார்த்தால் ஆலைக்கு அபசகுனம் கொண்டுவந்தவன் என்று என்னைத்தான் துரத்துவார்கள். மாலையை இரண்டு விரலால் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தேன். சந்தனப் பட்டைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாதியில் நின்றது. ஒன்பது மணிக்கும் பாதி. பத்துக்கும் பாதி. அவ்வளவு நேரம் ஆவி போய்க்கொண்டிருக்கிறது, தண்ணீர் மட்டும் ஒரு நூல்கூட அசையவில்லை. புத்தியுள்ளவனுக்கு அதுவே போதும். எனக்கு அது ஆயுத பூஜையின் மகிமை என்று தோன்றியது.

பத்தரைக்கு அண்ணன் திரும்பி வந்தார். வாசல்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். பெயிண்ட் கருகுகிற வாடை. நாலு எட்டில் வந்து மாலையைப் பிடுங்கிக் கீழே எறிந்தார். திருகைத் திறந்தார். கண்ணாடியில் இருந்த தண்ணீர் வெளியே போனது. மூடினார். எதுவும் மேலே வரவில்லை. பக்கத்தில் இருந்த சோதனைக் குழாய்களைத் திறந்தார். மேல் குழாயில் வெறும் ஆவி. கீழ்க் குழாயிலும் வெறும் ஆவி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் இல்லையே, விட்டுவிடலாம் என்று பம்பு வால்வில் கை வைத்தேன். காய்ந்து சிவந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? இங்கே கல் முப்பது அடி நீளம். பாய்லர் மட்டும் இல்லை, களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அண்ணன் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாத" என்றார். மிக மெதுவாக. "வெளிய போயி களத்துல இருக்கறவங்களை வாய்க்கால் பக்கம் ஓட்டு."

நான் ஓடினேன். அவர் நெருப்புக் கதவைத் திறந்து எரிகிற உமியை நீளக் கொக்கியால் வெளியே இழுக்க ஆரம்பித்தார். இப்படி ஒரு சமயத்துக்கென்றே நெருப்புக் குழாயின் தலையில் ஈயத்தால் ஒரு அடைப்பு உண்டு. சூடு மீறினால் அது உருகி, உள்ளே இருக்கும் ஆவி நெருப்பின்மேல் கொட்டி அணைத்துவிடும். அன்று அது தன் வேலையைச் செய்தது. ஆனால் அது உருகும்போது கதவு திறந்திருந்தது, கதவுக்கு நேரே அண்ணன் நின்றிருந்தார். ஆவியும் தணலுமாக வெளியே அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார், வலதுகையைத் திருப்ப முடியவில்லை. முழங்கைக்குக் கீழே தோல் கையுறை மாதிரி கழன்றது.

வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் முதலாளி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு. கணக்கப்பிள்ளை எழுதி முடித்திருந்தார். 'நான் பாய்லர் அருகில் இருந்தேன், அசதியில் உறங்கிவிட்டேன், இப்படிக்கு சவரிமுத்து.'

"அண்ணன் இங்க இல்லவே இல்லையேங்க" என்றேன்.

"டேய், சர்டிபிகேட் இல்லாத நீ தனியா நின்னேன்னு எழுதினா உனக்கு ஜெயில். உன்னை நிக்கவெச்சதுக்கு எனக்கு ஆலை போச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்." பேனாவை என் பக்கம் தள்ளினார். "அவரு கையில கட்டு. தினமும் வேலை நோட்டுல அவரு பேரை நீதானே எழுதறே. அதே மாதிரி போடு."

தினமும் காலையில் நோட்டின் தலையில் அவர் பெயரை நான்தான் எழுதுவேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது அந்த ஒரு கையெழுத்துதான். போட்டேன். நன்றாகவே விழுந்தது.

மூன்றாம் நாள் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். "இதுல இருக்கற மாதிரிதானா எல்லாம்?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க சார்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனின் கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு மேலே தொங்கியது. சொன்னேன்.

"கையெழுத்தை ஒழுங்காப் போட்டியா? என் பேரைக் கேவலப்படுத்தலையே?"

"நல்லாத்தான் போட்டேன்ணே."

"விடு. ஆலையை மூடினா களத்துல இருக்கற அத்தனை பேரும் சமயபுரத்துல துண்டு விரிக்கணும். நீ கம்பி எண்ணணும். எனக்கு இந்தக் கையை வெச்சுக்கிட்டு சர்டிபிகேட் எதுக்கு?" பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மாலையைக் கழட்டச் சொன்னேன்ல" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

அன்றே ஆலையைவிட்டு நடந்துவிட்டேன். அவருடைய சர்டிபிகேட்டை ரத்து செய்தார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்ற முதலாளி பார்த்துக்கொண்டார், தூரத்திலிருந்து. நான் சர்க்கரை ஆலை, சாயப்பட்டறை, சாராய வடிப்பாலை என்று ஊர் ஊராகச் சுற்றினேன். முப்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதி எனக்கென்று ஒரு சர்டிபிகேட் வாங்கினேன். கடைசிப் பதினாறு வருஷம் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து பாய்லர். அங்கே எல்லாம் தானாக நடக்கும், தண்ணீர் குறைந்தால் அதுவே கூவும். இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை கண்ணாடியை ஊதுவேன். பையன்கள் சிரிப்பார்கள். "எதுக்குங்க சார் இது?" என்று பலமுறை கேட்டிருக்கிறார்கள். "பழக்கம்" என்று சொல்லிவிடுவேன். தம்பிகளா, இதுதான் அதற்குக் காரணம்.

அண்ணனை ஒருமுறை பார்த்தேன். மேலப்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் இடதுகையால் மணி அடித்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்கவில்லை. வெட்கம் வந்தும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். பிறகு அவர் இறந்துபோனதைக் கேள்விப்பட்டபோது ஒரு மாதம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததில் பாதி வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறுகிறவரை அழைப்பிதழைப் படித்தேன். ஜெசிந்தா பெயர் நான்காவது வரியில் இருந்தது. நாளைக்கு அந்தப் பெண் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பாய்லர் கூடத்துக்குள் வரும், குனிந்து சின்ன எழுத்தைப் படிக்கும். அதைப் படித்துச் சரிபார்த்தவன் நான். காலையில் நான் கையெழுத்துப் போட்ட மேசைகூட முதலாளியின் பழைய மேசைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே ஆளுக்கு எதிராக, ஒரே மேசையில், இரண்டு தடவை.

திரும்பினேன். இந்தத் தடவை பஸ்ஸில். வெட்கம் போய்விட்டது என்று இல்லை. கால் வலித்தது.

நிவேதா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன், செம்பைத் தவிர. தயிர்சாதம் காய்ந்துபோகிற வரைக்கும் கேட்டார்.

"ஐயா, நான் உங்களை நம்புறேன். ஆனா பதிவேட்டுல அவரே எழுதிக் கொடுத்திருக்காருங்களே. ஆதாரம் வேணுமே."

"காலையில நான் கையெழுத்துப் போட்ட தாளை எடும்மா. அதுல என் பேரு இருக்கு, 'வீரமலை'. பெட்டியில 'சவரிமுத்து'. ரெண்டுலயும் முதல் எழுத்து என்னமோ வேற. 'ர'வையும் 'வ'வையும் பக்கத்துல வெச்சுப் பாரு. எவனும் அந்த 'ர'வுக்கு அப்படி ஒரு வால் போடமாட்டான். எங்க வாத்தியாரு அதுக்காகவே அடிச்சிருக்காரு. இன்னொண்ணும் பாரு. வலதுகை வெந்து ஆஸ்பத்திரியில கிடந்தவரு விபத்துக்கு மறுநாள் எப்படி இவ்வளவு அழகாக் கையெழுத்துப் போட்டாரு?"

அவர் பெட்டியைத் திறந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு இரண்டையும் படம் எடுத்து, முதலாளியின் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அருங்காட்சியகம் அவருடையது, அவர் வெளிநாட்டில் இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை.

"அவர் சரின்னு சொல்லாம பலகையை நான் கழட்ட முடியாதுங்க ஐயா. சரின்னாலும் புதுசு அடிச்சு வர பத்து நாள் ஆகும். நாளைக்கு டீச்சர் வராங்க."

"வரட்டும். நானும் வரேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போய் பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டேன். கூடத்துக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். பாய்லருக்கும் ஒரு மாலை. எங்கே மாட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெசிந்தா டீச்சர் குடையோடு வந்தார். நரைத்த தலை, ஆனால் அந்தக் கண் மாறவில்லை. நிவேதா வழிகாட்ட வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க ஊர்சுத்தி அண்ணன்தானே?"

ஆமாம் என்றேன். அவர் பலகைக்குப் போகும்முன் குறுக்கே நின்று சொன்னேன். மாலை, பம்பு வால்வு, மேசை, பேனா. நீளமாகச் சொல்லவில்லை, அரைமணிக்கு ஒருமுறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்ததுதான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னை விலக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையைக் குனிந்து படித்தார்.

"எங்க அம்மா சாகுற வரைக்கும் அவரைத் திட்டினாங்க" என்றார். "வேலை நேரத்துல தூங்கி குடும்பத்தைத் தெருவுல விட்ட மனுஷன்னு. நானும்தான் திட்டியிருக்கேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சிரிப்பாரு."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் வேண்டாம். என்கிட்ட சொல்லி முடிச்சிட்டா சரியாப் போச்சா? இதைத்தான் எல்லாரும் படிக்கப்போறாங்க." நிவேதாவைப் பார்த்தார். "இந்தப் பலகையை எப்ப மாத்துவீங்கம்மா?"

"ஓனர் பதில் சொல்லணும் டீச்சர். அதுக்கப்புறம் பத்து நாள்."

"பதில் சொல்லலைன்னா?"

டீச்சர் குடையை மடக்கி அதன் நுனியால் பலகைக்கு முன்னால் இருந்த இடத்தைக் காட்டினார். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றின கை.

"அண்ணே, இங்க நில்லுங்க. தினமும் வாங்க. பலகையைப் படிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. அது மாறுற வரைக்கும் நீங்கதான் பலகை."

நிவேதா எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நிவேதா உடனே ஒரு அடையாள அட்டையை எடுத்து என் பெயரை எழுத ஆரம்பித்தார். "பதவின்னு என்ன போடட்டுங்க ஐயா?" என்றார்.

"பயர்மேன்னு போடும்மா, பாய்லருக்கு உமி தள்ளுறவன். அவரு கீழ அதுவாத்தான் இருந்தேன்."

டீச்சர் பொன்னாடை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க.

முதலில் வந்தது சமயபுரத்தில் மொட்டையடித்துவிட்டு வந்த ஒரு குடும்பம். ஆறு மொட்டைத் தலையிலும் சந்தனம். பாத்ரூமைத் தேடி உள்ளே வந்தவர்கள். பரவாயில்லை என்று நிறுத்தினேன். அவர்களில் பெரியவர் குனிந்து பலகையைப் படிக்க ஆரம்பித்தார். "இருங்க, அதை அப்புறம் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் குழாயில் தொங்கிய மாலையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.